தீ வைத்துக் காக்க வேண்டிய புல்வெளி

ஒரு இயற்கை நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நமக்குச் சட்டென்று தோன்றுவது இதுதான்: வேலி போடு, மாட்டை உள்ளே விடாதே, தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள், அப்புறம் யாரும் கை வைக்காமல் விட்டுவிடு. அமெரிக்காவின் உயர்புல் பிரெய்ரியில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் முப்பது நாற்பது வருஷத்தில் பிரெய்ரியே இருக்காது. வேலிக்குள் மரம் இருக்கும், புதர் இருக்கும், சில பறவைகள்கூட இருக்கும். புல்வெளி மட்டும் போய்விட்டிருக்கும்.

அது ஏன் அப்படி, அப்படியானால் அதை எப்படித்தான் பராமரிக்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த இயற்கைப் புல்வெளிகளுக்கான பொதுப்பெயர். மேற்கே ராக்கி மலைகளின் மழைமறைவில் புல் குட்டையாக இருக்கும். கிழக்கே போகப் போக மழை கூடும், புல்லும் உயரும். அந்தக் கிழக்குப் பட்டைதான் உயர்புல் பிரெய்ரி. கனடாவின் மானிடோபாவிலிருந்து தெற்கே டெக்சஸ் வரை ஏறத்தாழ 17 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இன்று அதில் மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு.

இங்கே நான்கு புற்களின் ஆட்சி: பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம். நல்ல மழை பெய்த வருஷத்தில், செப்டம்பர் மாதம் பிக் புளூஸ்டெம் ஆள் உயரத்தைத் தாண்டி எட்டடிகூட நிற்கும். பெயரில் புல் இருப்பதால் புல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கன்சாஸ் மாநிலத்தின் கொன்ஸா ஆய்வு நிலத்தில் மட்டும் சுமார் 600 தாவர இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பூச்செடிகள். பரப்பில் புல் ஜெயிக்கிறது, வகையில் பூச்செடிகள் ஜெயிக்கின்றன. பராமரிப்பின் பாதிச் சிக்கல் இந்த இரண்டு தரப்புக்கும் இடையிலான போட்டிதான்.

மீதி விஷயம் மண்ணுக்குக் கீழே. பிக் புளூஸ்டெமின் வேர் எட்டு, பத்து அடி இறங்கும். காம்பஸ் பிளான்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் வேர் பதினைந்து அடி வரை போகும். ஒவ்வொரு வருஷமும் வேர்களில் ஒரு பகுதி செத்து மண்ணோடு மக்கும், புதிது முளைக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே நடந்ததில் உருவானதுதான் அமெரிக்க மத்திய மேற்கின் கறுப்பு மண். உலகின் மிக வளமான மண்களில் ஒன்று.

அந்த வளமே அதற்கு எமனாக வந்தது. ஆரம்பத்தில் குடியேறிய விவசாயிகளின் வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்தப் பிசுபிசுத்த மண் அப்பிக்கொண்டு நகரவிடவில்லை. 1837ல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். இன்றைய பச்சை டிராக்டர் கம்பெனியின் தொடக்கம் அதுதான். மண் ஒட்டாமல் உழ முடிந்ததும் பிரெய்ரி மளமளவென்று வயலானது. நீர் தேங்கிய இடங்களில் மண்ணுக்கடியில் சுட்டமண் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்து அங்கேயும் மக்காச்சோளம் போட்டார்கள். இல்லினாயில் இருந்த சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரியில் கெடாமல் மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதுவும் எங்கே? பழைய ரயில்பாதை ஓரங்களில், அப்புறம் கல்லறைகளில். குடியேறிகள் தங்கள் இறந்தோரைப் புதைக்க ஒதுக்கிய சில ஏக்கரில் ஏர் ஓடவில்லை. அதனால் அங்கே மட்டும் பழைய தாவரங்கள் அப்படியே நின்றுவிட்டன. இல்லினாயின் வெஸ்டன் கல்லறைப் பிரெய்ரி வெறும் ஐந்து ஏக்கர்தான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் விதை எடுக்க வேறு போக்கிடம் அதிகம் கிடையாது.

பெரிய பரப்பாகத் தப்பியது ஒரே ஒரு இடம்: கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ், அதன் தெற்குத் தொடர்ச்சியாக ஓக்லஹோமாவின் ஓசேஜ் மலைப்பகுதி. அங்கே மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும். ஏர் இறங்காது. அதனால் மாடு மேய்த்தார்கள். மேய்ச்சலுக்காகப் புல்லை எரித்தார்கள். கல் காப்பாற்றியது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த மாட்டுக்காரர்கள் வருஷந்தோறும் ஏப்ரலில் தீ வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கல்லுக்கு மேலே இன்று மரம்தான் நின்றிருக்கும்.

மழை போதும், மரம் ஏன் இல்லை?

கொன்ஸாவில் ஆண்டு மழை சுமார் 835 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மரம் வளர இது தாராளம். இன்னும் கிழக்கே இல்லினாய் பக்கம் மழை மேலும் அதிகம். ஆகவே இது மழை போதாமல் புல்வெளியாகிப் போன நிலம் கிடையாது. மரக்கன்று தலையெடுக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்து அதை ஒழித்துக்கொண்டே இருந்ததால் புல்வெளியாக நீடித்த நிலம். அந்த ஏதோ ஒன்று என்பது தீ, மேய்ச்சல், அவ்வப்போது வரும் கடும் வறட்சி, இந்த மூன்றும் சேர்ந்தது.

தீயில் சிலவற்றை மின்னல் மூட்டியது. பெரும்பகுதியை மனிதர்கள் மூட்டினார்கள். ஓசேஜ், கா முதலிய பழங்குடிகள் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகளை இளம்புல் பக்கம் இழுக்கவும், வேட்டைக்கும், நடமாட்டத்துக்கும் திட்டமிட்டே எரித்தவர்கள். கா மக்களை 1873ல் கன்சாஸிலிருந்து ஓக்லஹோமாவுக்குப் பெயர்த்து அனுப்பிவிட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்த பைசன்களை 1880களின் முடிவுக்குள் சில நூறாகக் குறைத்துவிட்டார்கள். எரித்தவர்களும் இல்லை, மேய்ந்தவையும் இல்லை. ‘மனிதக் கை படாத இயற்கை’ என்ற பார்வையோடு பிரெய்ரியை அணுகுபவர்கள் சறுக்குவது இங்கேதான். கை பட்டுக்கொண்டே இருந்த இயற்கை இது.

தீ எப்படிப் புல்லை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பிடிக்கிறது? புல்லின் குருத்து குளிர்காலம் முழுக்க மண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ பத்திரமாக இருக்கிறது. புல்தீ வேகமாக ஓடிவிடும், மண்ணில் ஓரிரு அங்குலத்துக்குக் கீழே சூடே அதிகம் எட்டாது. மரக்கன்றின் மொட்டோ கிளை நுனியில், சரியாகத் தீ எரியும் உயரத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம், போன வருஷத்துக் காய்ந்த தாள் எரியாமல் தங்கினால் அது தரைமேல் பாய் விரித்து மூடிய மாதிரி வெளிச்சத்தை மறைக்கும், மண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும். எரிந்தபின் கறுத்த தரை வெயிலில் சீக்கிரம் சூடேறி, ஓரிரு வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கிறது.

கொன்ஸா சொல்லித்தந்தது

இதையெல்லாம் ஊகமாக இல்லாமல் அளந்து சொல்ல முடிவதற்குக் காரணம் கொன்ஸா. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் 1971ல் தொடங்கிய இந்த 3,487 ஹெக்டேர் ஆய்வு நிலத்தை ஓடைப் படுகைகளாகப் பிரித்து, ஒன்றை வருஷாவருஷம், ஒன்றை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒன்றை நான்கு, ஒன்றை இருபது வருஷத்துக்கு ஒருமுறை என்று எரித்துப் பார்க்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக. ஒரு ஆராய்ச்சியாளர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் தொடங்கிய சோதனை நடந்துகொண்டிருக்கிறது. சூழலியலில் இது அபூர்வம்.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இருபது வருஷ நிலத்தில் கிழக்கத்திய ரெட் சிடார் மரமும் புதர்களும் நுழைந்து புல்லை அமுக்கிவிட்டன. ஆச்சரியம் நான்கு வருஷ நிலத்தில்தான் வந்தது. அங்கேயும் டாக்வுட் போன்ற புதர்கள் மெல்ல மெல்லப் பரவிவிட்டன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது எரிக்காவிட்டால் மரம் ஜெயிக்கும் என்பது அங்கே கிடைத்த கணக்கு. ஒருமுறை புதர் அடர்ந்துவிட்டால் அதன் நிழலில் புல் இருக்காது, புல் இல்லாமல் தீ ஓடாது. அப்புறம் தீக்குச்சியை எடுத்துப் பயனில்லை, ரம்பத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, அப்படியானால் வருஷாவருஷம் எரித்துவிட்டால் முடிந்ததா? இல்லை. மேய்ச்சல் இல்லாமல் வருஷந்தோறும் எரித்த நிலத்தில் உயரப் புற்கள் ஓங்கி, பூச்செடி வகைகள் குறைந்தன. அதே நிலத்தில் 1987 முதல் பைசன்களை விட்ட பகுதியில் நேர் எதிர். பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் தின்கிறது, பூச்செடிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆட்சி செய்யும் புல்லை அது வெட்டிக் குறைத்ததும் மற்றவற்றுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மண்ணில் புரண்டு புரண்டு அது உண்டாக்கும் குழிகளில் மழைநீர் தேங்கி, அங்கே வேறு ஒரு கூட்டம் செடி முளைக்கிறது. இருபத்தொன்பது வருஷத் தரவுகளை வைத்து 2022ல் வெளியான ஆய்வு, பைசன் மேய்ந்த இடங்களில் நாட்டுத் தாவர வகைகள் இரட்டிப்பாகிவிட்டதாகக் காட்டியது. மாடு மேய்ந்த இடத்திலும் கூடின, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைக்காதே

என்னைக் கேட்டால் பிரெய்ரிப் பராமரிப்பில் தீயைவிடக் கடினமான பாடம் இதுதான். ஃபிளின்ட் ஹில்ஸில் பல மாட்டுக்காரர்கள் மொத்த நிலத்தையும் ஒரே ஏப்ரலில் எரித்து, இளம்புல்லில் நிறைய மாடுகளை விட்டு, கோடையிலேயே ஓட்டிச் சென்றுவிடுவார்கள். மரம் வராது, மாடு கொழுக்கும். ஆனால் பிரெய்ரிக் கோழி படாதபாடு படும். அந்தப் பறவையின் ஆண்கள் வசந்தகால விடியலில் கூடி, கழுத்துப் பையை ஊதிச் சத்தம் எழுப்பி ஆடுவதற்குக் குட்டைப் புல் வேண்டும். பெட்டை முட்டையிட போன வருஷத் தாள் நிற்கும் மறைவு வேண்டும். குஞ்சுகள் பூச்சி பிடித்துத் திரிய இடைவெளி விட்ட நிலம் வேண்டும். மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். முழு நிலமும் கருகிப் போனால் முட்டையிட மறைவு எங்கே?

ரீகல் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சியின் கதை இன்னும் மோசம். அதன் புழு இலையுதிர்காலத்தில் பொரிந்து, குளிர்காலம் முழுக்கக் காய்ந்த சருகுக்குள் சுருண்டு கிடந்து, வசந்தத்தில் வயலட் செடியைத் தின்று வளரும். ஏப்ரல் தீ அந்தச் சருகோடு புழுவையும் கொண்டுபோய்விடும். ஆனால் தீயே வைக்காமல் விட்டால் புதர் மூடி வயலட் அழியும். தீ அதைக் கொல்லவும் செய்கிறது, வாழ வைக்கவும் செய்கிறது. ஆக ஒரு பகுதியை எரிக்கும்போது பக்கத்துப் பகுதியை விட்டுவைக்க வேண்டும், அங்கிருந்து பட்டாம்பூச்சி மறுபடி பரவிக்கொள்ளும். அக்கம்பக்கம் எல்லாம் மக்காச்சோள வயலாகி நடுவில் தீவு போலச் சிறு பிரெய்ரி எஞ்சிய இடங்களில், முழுவதையும் ஒரே நாளில் எரித்து ஒரு பூச்சி இனத்தையே அந்த ஊரிலிருந்து துடைத்துவிட முடியும்.

இதற்கான முறையை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வகுத்தார்கள். பகுதி பகுதியாக எரித்து மேய்ப்பது. நிலத்தை மனதளவில் மூன்றாகப் பிரித்துக்கொண்டு, உள்ளே குறுக்கு வேலி எதுவும் போடாமல், வருஷத்துக்கு ஒரு பங்கை எரிக்கிறார்கள். கால்நடை தானாகவே புதிதாக எரிந்த இளம்புல்லைத் தேடி அங்கேயே சுற்றும். மற்ற இரண்டு பங்கும் ஓய்வெடுத்து உயரும், அடுத்த தீக்கு வேண்டிய தாளும் சேரும். மேய்ப்பவனும் வேலியும் செய்யும் வேலையைத் தீயே செய்துவிடுகிறது. ஓசேஜ் கவுண்டியில் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 1989ல் வாங்கிய பண்ணை இன்று சுமார் 40,000 ஏக்கர் காப்பகம். 1993ல் 300 பைசன்களோடு தொடங்கி இப்போது இரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே தீயின் இடமும் காலமும் மாறிக்கொண்டே இருக்கும்.

தீ வைப்பது என்றால் குச்சியைக் கிழித்துப் போடுவது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நிலத்தைச் சுற்றிப் புல்லை வெட்டியோ உழுதோ தீத்தடுப்புக் கோடு. காற்று மணிக்குச் சுமார் 8 முதல் 25 கிலோமீட்டருக்குள், திசை மாறாமல் வீச வேண்டும். காற்றே இல்லாத நாளும் ஆபத்துதான், ஏனென்றால் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஈரப்பதம் பாதியளவில் இருந்தால் நல்லது. தீயணைப்புத் துறைக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் முன்கூட்டியே தகவல். பிறகு டிரிப் டார்ச் என்ற எண்ணெய்க் குடுவையால், காற்று போய்ச் சேரும் ஓரத்தில் முதலில் மூட்டுவார்கள். அங்கே தீ காற்றை எதிர்த்து மெதுவாகப் பின்வாங்கி ஒரு கரிப்பட்டையை உண்டாக்கும். அது போதுமான அகலம் ஆனபிறகு பக்கவாட்டு ஓரங்கள், கடைசியில்தான் காற்று வரும் பக்கம். அப்போது எழும் பெருந்தீ நிலத்தைக் கடந்து ஓடி, ஏற்கெனவே கருகிய பட்டையில் மோதி அணைந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். அமையாவிட்டால் பக்கத்து வீடு போகும்.

ஏப்ரலில்தான் எரிக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. எல்லோரும் ஒரே சில வாரங்களில் எரிப்பதால் புகை கன்சாஸ் சிட்டி வரைக்கும் போய்க் காற்றின் தரத்தைக் கெடுக்கிறது. கன்சாஸ் அரசு 2010ல் புகை மேலாண்மைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது இதனால்தான். கொன்ஸாவில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எரித்துப் பார்த்தபோது புல் விளைச்சல் குறைந்துவிடவில்லை. காலத்தைப் பரப்பினால் புகையும் பரவும். ஆனால் தாத்தா காலத்துப் பழக்கம் ஒரு ஆய்வுக் கட்டுரையால் மாறிவிடுமா என்ன?

வேண்டாத விருந்தாளிகள்

எல்லாக் களைக்கும் தீ மருந்து ஆகாது. ரெட் சிடார் உள்ளூர் மரம்தான். அதன் கன்றைத் தீ எளிதாகக் கொல்லும், வளர்ந்த மரத்தைத் தரையோடு அறுத்தால் மறுபடி துளிர்க்காது. சுமாக்கும் டாக்வுட்டும் அப்படி இல்லை, வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்க்கும். வெட்டிய அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவித்தான் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை சீரிசியா லெஸ்பிடீசா. மண் அரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்கும் என்று ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட பயறு வகைச் செடி. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால் முற்றிய செடியை மாடு தொடாது. விதை வருஷக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். வழக்கமான ஏப்ரல் தீ அந்த விதையை முளைக்கத் தூண்டிவிடுகிறது! ஆகஸ்ட், செப்டம்பரில், அது பூக்கும் நேரத்தில் எரித்தால்தான் விதை பிடிக்காமல் அடங்குகிறது. ஆடு விட்டால் ஆடு அதைத் தின்னும்.

நல்லது செய்வதாக நினைத்து நட்டது புல்வெளியை விழுங்கிய கதை நமக்கும் புதிதில்லை. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டவர்களின் கணக்கும் இதே கணக்குதான். அதற்காகக் கன்சாஸ் தீயை அப்படியே கொண்டுவந்து நீலகிரியில் வைக்கக் கிளம்பிவிடக் கூடாது. அந்த மலையின் பனியும் மண்ணும் சோலையும் வேறு.

உழுத நிலத்தில் மறுபடி பிரெய்ரி வருமா?

வரும், ஓரளவுக்கு. முதல் பெரிய முயற்சி விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1930களின் நடுவில் நடந்தது. சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு அதில் முக்கியமானவர். பொருளாதார மந்தநிலைக் கால அரசு வேலைத்திட்டத்தின் இளைஞர்கள்தான் மண்வெட்டி பிடித்தார்கள். இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி என்ற பெயரில் இருக்கும் அந்தப் பழைய பண்ணை நிலத்தில், 1940களில் செய்த சோதனைகள்தான் தீயில்லாமல் பிரெய்ரி தேறாது என்று முதலில் உரக்கச் சொன்னவற்றில் அடங்கும்.

இன்றைய வழி இப்படி. அதே வட்டாரத்துப் பழைய பிரெய்ரியில் எடுத்த விதை வேண்டும். டெக்சஸ் விதை மினசோட்டாவின் குளிரைத் தாங்காது. பல இனங்களின் விதைக்கு ஒரு குளிர்காலம் ஈரத்தில் கிடந்தால்தான் உறக்கம் கலையும் என்பதால் பனிக்காலத்தில் தூவுகிறார்கள். தரை உறைந்து இளகும்போது விதை தானே மண்ணுக்குள் இறங்கும். முதல் வருஷம் களை மட்டும்தான் கண்ணில் படும். நட்டவர் பதறிப்போவார். பிரெய்ரிச் செடி அப்போது தன் முழு உழைப்பையும் வேரில் போட்டுக்கொண்டிருக்கிறது. களையை அரை அடி, முக்கால் அடி உயரத்துக்கு வெட்டி வெளிச்சம் விட்டால் போதும். முதல் வருஷம் உறங்கும், இரண்டாம் வருஷம் தவழும், மூன்றாம் வருஷம் பாயும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு.

விதைக் கலவையில் புல்லை அள்ளிப் போடுவது பொதுவான தவறு. புல் விதை மலிவு, பூச்செடி விதை விலை அதிகம். மலிவாகப் போட்ட நிலத்தில் பத்து வருஷம் கழித்துப் புல் மட்டுமே நிற்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பழைய பிரெய்ரியின் முழுச் செழிப்பு வருவதில்லை. சில தாவரங்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் வந்து சேர்வதே இல்லை. அதனால்தான் ஐந்து ஏக்கர் கல்லறை நிலத்துக்குக்கூட அவ்வளவு மதிப்பு.

விவசாயியிடம் மொத்த வயலையும் திருப்பிக் கேட்க முடியாது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2007ல் வேறு கேள்வி கேட்டுப் பார்த்தது: சரிவான வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பிரெய்ரிப் பட்டையாக விட்டால் என்ன ஆகும்? மழையில் அடித்துப் போகும் மண் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. விரைத்து நிற்கும் தண்டுகள் ஓடும் நீரை நிறுத்தி வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன, ஆழ வேர்கள் உரத்தை உறிஞ்சுகின்றன. 2018ன் அமெரிக்க விவசாயச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டைகளுக்கு அரசு உதவித்தொகையும் கிடைக்கிறது. வண்ணத்துப்பூச்சிக்காக என்று சொன்னால் கேட்காத விவசாயிகூட மண்ணுக்காக என்றால் நின்று கேட்கிறார்.

கன்சாஸ் பக்கம் போக வாய்த்தவர்கள் ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகில் இருக்கும் தேசிய உயர்புல் பிரெய்ரிக் காப்பகத்தைப் பார்க்கலாம். 1996ல் அமைந்தது, சுமார் 11,000 ஏக்கர், 2009 முதல் பைசனும் உண்டு. தீயின் தடம் பார்க்க ஏப்ரல் கடைசி, பூக்களுக்கு ஜூன், ஆளை மறைக்கும் புல்லுக்கு செப்டம்பர். பைசனிடமிருந்து நூறு மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். மந்தமாக மேய்ந்துகொண்டிருப்பது குதிரை வேகத்தில் ஓடும்.